சாவடியின் கதவு எங்கே இருக்கின்றது?
வன்முறைக்கு உள்ளானோருக்கு நம் ஊரிலேயே கிடைக்கும் உதவிகள்



நவம்பர் 25-ஆம் நாளைப் பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான அனைத்துலக நாளாக ஐக்கிய நாடுகள் அவை 1999-ஆம் ஆண்டு அறிவித்தது. நம் பங்குகளிலும், பள்ளிகளிலும் அந்நாளில் உறுதிமொழி எடுக்கின்றோம், பேரணி போகின்றோம். நல்லதுதான். ஆனால் அடுத்த நாள் காலைத் திருப்பலி முடிந்து, முந்தானையால் கையிலுள்ள காயத்தை மூடிக்கொண்டு ஒரு சகோதரி கோவில் வாசலில் தயங்கி நிற்கும்போது, "சிஸ்டர், நான் இப்போ எங்கே போறது?" என்று அவர் கேட்கும்போது, நம்மிடம் ஒரு பதில் இருக்கின்றதா? ஒரு முகவரி, ஒரு தொலைபேசி எண், உடன் வருவதற்கு ஓர் ஆள் இருக்கின்றார்களா?

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம் (லூக்கா 10). விலகிப்போன குருவைப் பற்றியும், லேவியரைப் பற்றியும், எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்த அந்த அயலாரைப் பற்றியும் மறையுரைகளில் நிறையவே சொல்லப்படுகின்றது. சாவடியைப் பற்றித்தான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தச் சமாரியர் காயம்பட்டவரைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சாவடி எங்கே இருக்கின்றது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கே சேர்த்தார், இரண்டு தெனாரியம் கொடுத்தார், திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மருத்துவர் அல்ல. சாவடிப் பொறுப்பாளரும் அல்ல. வழி தெரிந்த மனிதர். இக்கட்டுரையில் நாம் பார்க்கப்போவது அந்த வழியைத்தான்: தமிழ்நாட்டில், நம் மாவட்டத்தில், நம் வட்டத்தில் சாவடிகள் எங்கே இருக்கின்றன, அங்கே எப்படிப் போய்ச் சேருவது என்பதை.

இது யாரோ சிலருடைய பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் ஏறக்குறைய 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கின்றனர். இந்திய அளவில் இது 29 விழுக்காடு. படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னணியில் இருக்கும் நம் மாநிலம் இதிலும் முன்னே நிற்கின்றது! அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கின்றது: இந்திய அளவில் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களில் 14 விழுக்காட்டினர் மட்டுமே யாரிடமாவது உதவி தேடியிருக்கின்றனர். மற்றவர்கள் ஞாயிறு திருப்பலிக்கு நம்மோடு வருகின்றார்கள், சமாதானம் சொல்கின்றார்கள், வீட்டுக்குப் போகின்றார்கள்.

முதலில் கேட்பவர் யார்?

காவல் நிலையத்துக்கு முன்பாகவே செய்தி வேறு யாரிடமாவது வந்துவிடுகின்றது. அன்பியப் பொறுப்பாளர், மரியாயின் சேனை உறுப்பினர், மடத்து அருட்சகோதரி, மறைக்கல்வி ஆசிரியை, உபதேசியார் என்று யாராவது ஒருவர் முதலில் கேட்கின்றார். கடலோரப் பங்குகள் பலவற்றில் ஊர்க் கமிட்டியிடமும் பங்குத்தந்தையிடமும் வழக்கு வருகின்றது. இந்த முதல் ஆள் என்ன சொல்கின்றார் என்பதில்தான் பல நேரங்களில் எல்லாமே அடங்கியிருக்கின்றது. "உண்மையாவா? அவரைப் பார்த்தா அப்படித் தெரியலையே" என்று அவர் சொல்லிவிட்டால், அந்தப் பெண் இன்னும் பத்து ஆண்டுகளுக்கு யாரிடமும் வாய் திறக்கமாட்டார்.

நம்மிடையே அதிகம் வழங்கும் அறிவுரை, "பொறுத்துப் போம்மா, பிள்ளைங்க முகத்தைப் பார்த்து இரு" என்பது. அதற்குத் துணையாகப் புனித மோனிக்காவையும் புனித ரீத்தாவையும் அழைத்துக்கொள்கின்றோம். மோனிக்காவைப் பற்றி அவர் மகன் அகுஸ்தினார் என்ன எழுதியிருக்கின்றார் என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மோனிக்காவின் கணவர் முன்கோபி. ஆனால் அவர் மனைவியை அடித்ததாக ஒருபோதும் கேள்விப்பட்டதில்லை என்று ஊர்ப்பெண்கள் வியந்தார்களாம். முகத்தில் தழும்போடு வந்தவர்கள் அவருடைய தோழியர். ஆகவே அடிபட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் மோனிக்காவைச் சுட்டிக்காட்டுவது புனிதைக்கும் நீதி செய்வதாகாது.

இன்னொரு பழக்கம், இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சமாதானம் பேசுவது. சாதாரண மனக்கசப்பு என்றால் இது பயன்படலாம். அடியும் அச்சமும் இருக்கும் வீட்டில் இது ஆபத்து. கணவருக்கு எதிரே அமர்ந்து அந்தப் பெண் உண்மையைச் சொல்லமாட்டார். சொன்னால் அன்றிரவே அதற்கு விலை கொடுப்பார். அவரைத் தனியாகக் கேட்க வேண்டும். "நீங்கள் சொல்வதை நம்புகிறேன், இது உங்கள் தவறல்ல" என்று சொல்ல வேண்டும். "இன்றிரவு வீட்டுக்குப் போவது பாதுகாப்பா?" என்று கேட்க வேண்டும். கழுத்தை நெரித்திருக்கின்றாரா, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கின்றாரா, வீட்டில் அரிவாள் போன்றவற்றைக் காட்டியிருக்கின்றாரா என்றும் விசாரிக்க வேண்டும். இவற்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தால் காத்திருக்கக் கூடாது.

குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி, கணவரைத் தியான மையத்துக்கு அனுப்பிவைப்பதும் உண்டு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் நம் ஆலய வளாகங்கள் சிலவற்றிலேயே நடக்கின்றன. அவற்றால் வாழ்வு பெற்றவர்கள் பலர். ஆனால் குடிக்குச் சிகிச்சை வேறு, மனைவிக்குப் பாதுகாப்பு வேறு. குடிக்காமலே அடிப்பவர்களும் இருக்கின்றார்கள். தியானம் முடிந்து அவர் திரும்பி வரும் நாளில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஏற்பாடு என்று யோசிக்காமல் செய்வது பாதி உதவிதான்.

"பிரிந்து வந்தால் நற்கருணை வாங்க முடியுமா?"

இக்கேள்வி நம் பெண்கள் பலரை அடிக்கும் வீட்டிலேயே கட்டிப்போட்டிருக்கின்றது. எனவே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1153-ஆம் எண்ணைப் பாருங்கள். தம்பதியருள் ஒருவர் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ ஆன்மாவிலோ உடலிலோ கடுமையான ஆபத்தை விளைவித்தால், பிரிந்து செல்வதற்கு அது முறையான காரணம் என்கின்றது அச்சட்டம். வழக்கமாக ஆயரின் ஆணை பெற்றுப் பிரிய வேண்டும். தாமதித்தால் ஆபத்து என்றால், தாமாகவே பிரிந்து செல்லலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' என்ற திருத்தூது ஊக்கவுரையும், சில சூழல்களில் பிரிவு தவிர்க்க இயலாதது, அறநெறிப்படி தேவையானதாகவும்கூட இருக்கலாம் என்று சொல்கின்றது.

பிரிந்து வாழ்பவர், மறுமணம் செய்துகொள்ளாத வரையில், பிரிந்து வாழ்கின்றார் என்ற காரணத்தால் நற்கருணையிலிருந்து விலக்கப்படுவதில்லை. பிரிந்து வாழ்வது வேறு, மணமுறிவு வேறு, திருமணம் செல்லாது என்று மறைமாவட்டத் திருமணத் தீர்ப்பாயம் அறிவிப்பது வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிப் பெண்ணைப் பயமுறுத்துவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தவரை, 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம் 2001-இல் திருத்தப்படும் வரை, கிறிஸ்தவப் பெண் ஒருவர் கொடுமையை மட்டுமே காரணம் காட்டி மணமுறிவு கேட்க முடியாமல் இருந்தது என்பதும் நினைவிருக்கட்டும். கீழே நாம் சொல்லப்போகும் பாதுகாப்பு எதற்கும் மணமுறிவு தேவையில்லை.

கதவுகள்

உயிருக்கு ஆபத்து என்றால் 112. இதில் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. மற்ற வேளைகளில் பெண்களுக்கான உதவி எண் 181. தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்ட இந்தச் சேவை இரவும் பகலும் இயங்குகின்றது, கட்டணம் கிடையாது. அவர்களே அந்தந்த மாவட்டத்தின் அலுவலருடன் தொடர்பு ஏற்படுத்தித் தருகின்றார்கள். பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரும், அன்பியத்தில் இருப்பவரும் அழைக்கலாம்.

மாவட்டங்களில் 'ஒருங்கிணைந்த சேவை மையம்' இயங்குகின்றது. 'சகி' என்றும் இதனை அழைப்பார்கள். நடுவண் அரசின் இத்திட்டம் 2015 ஏப்ரலில் தொடங்கியது. மருத்துவ உதவி, காவல்துறை உதவி, சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை, சில நாள் தங்கும் இடம் ஆகியவை ஒரே கூரையின்கீழ் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். மருத்துவமனை வளாகத்திலோ அதனை ஒட்டிய பகுதியிலோ மையம் அமைய வேண்டும் என்பது திட்டத்தின் வழிகாட்டுதல். எனவே அரசுத் தலைமை மருத்துவமனையில் முதலில் விசாரித்துப் பார்க்கலாம். பிள்ளைகளோடும் தங்கலாம். ஆனால் ஆண் பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டு. எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கும் மகனை வைத்திருக்கும் தாய், வாசலில் போய் நின்று ஏமாந்துவிடாதபடி, முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. இங்கே தங்குவது சில நாள்களுக்கு மட்டுமே. நீண்டநாள் தங்குவதற்கு முன்பு 'ஸ்வாதார் கிரே' என்று அழைக்கப்பட்டு, 2022-க்குப் பிறகு 'சக்தி சதன்' என்று பெயர் பெற்ற இல்லங்கள் உள்ளன. துறவற சபையினர் நடத்தும் இல்லங்களும் உண்டு. நம் மறைமாவட்டப் பல்நோக்கு சமூக சேவை சங்கத்தில் கேட்டால், அருகில் எந்த இல்லத்தில் இடமிருக்கும் என்று சொல்லக் கூடும்.

காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குத் தயங்காமல் போக வேண்டும். அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், 'ஏ.ஆர். காப்பி' என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். இதில் நம் பெண்கள் செய்யும் ஒரு காரியம் பின்னால் அவர்களுக்கே கேடாக முடிகின்றது. மருத்துவர் கேட்கும்போது, கூட வந்திருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொண்டு, "குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகின்றார்கள். அது அப்படியே பதிவாகிவிடும். ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்லும்போது இந்தப் பதிவு எதிரே வந்து நிற்கும். ஆகவே துணைக்குப் போகிறவர் அந்தப் பெண்ணை மருத்துவரிடம் தனியாகப் பேசவிடச் செய்ய வேண்டும்; யார், எதனால் அடித்தார் என்பதைச் சொல்ல ஊக்கப்படுத்த வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கும் அமில வீச்சுக்கும் உள்ளானவர்களுக்கு அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவமனைகளும் உடனடியாக இலவசச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது சட்டம். திருச்சபை நடத்தும் மருத்துவமனைகளும் இதில் அடக்கம். "போலீஸ் கேஸ், வேறே இடம் போங்க" என்று சொல்ல அவற்றுக்கும் உரிமையில்லை.

அடுத்து காவல் நிலையம். 1992-இல் சென்னை ஆயிரம்விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் தொடங்கியது தமிழ்நாடு; இன்று மாநிலம் முழுவதும் இவை பரவியிருக்கின்றன. ஆனால் மகளிர் நிலையம் தொலைவில் இருந்தால் பக்கத்து நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்த இடம் எங்கள் எல்லையில் இல்லை என்று சொல்லிப் புகாரை மறுக்கக் கூடாது. புகார் கொடுத்தவுடன் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்க வேண்டும். வழக்குப் பதிவானால் முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைக்கும். வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். கணவரும் அவருடைய உறவினரும் செய்யும் கொடுமைக்கான பழைய 498-ஏ பிரிவை இப்போதும் பலர் அந்தப் பெயரிலேயே சொல்கின்றார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 85-ஆம் பிரிவு.

"அவரை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு மனசில்லை, அடி நின்றால் போதும்" என்பவர்கள் அதிகம். அவர்களுக்காகவே இருப்பது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். இது 2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்தது. நம் பங்கு மக்கள் அதிகம் அறிந்திருக்க வேண்டிய சட்டம் இதுவே என்று நாம் கருதுகின்றோம். அடிப்பது மட்டுமல்ல, இழிவாகப் பேசுவதும், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும், செலவுக்குத் தராமல் பட்டினி போடுவதும், நகையை விற்றுவிடுவதும் இதன்படி வன்முறையே. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் 'பாதுகாப்பு அலுவலர்' இருக்கின்றார். இவ்வலுவலகம் பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் அமைந்திருக்கும். அவர் அந்தப் பெண் சொல்வதைக் கேட்டுக் குடும்ப நிகழ்வு அறிக்கையை எழுதி நீதித்துறை நடுவரிடம் அளிப்பார். முதல் விசாரணை வழக்கமாக 3 நாளுக்குள் இருக்க வேண்டும், 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கின்றது. நீதிமன்றங்களின் சுமையைப் பார்க்கும்போது இது எல்லா இடத்திலும் நடந்துவிடுகின்றது என்று சொல்வதற்கில்லை. ஆனால் இடைக்கால ஆணை கேட்டுப் பெறலாம். அடிக்கக் கூடாது, பணிசெய்யும் இடத்துக்கு வந்து தொல்லை தரக் கூடாது, வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது, பராமரிப்புத் தொகை தர வேண்டும் என்றெல்லாம் நடுவர் ஆணையிடலாம். வீடு கணவர் பெயரில் இருந்தாலும் அங்கே வாழும் உரிமை மனைவிக்கு உண்டு. பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும்.

வக்கீலுக்குப் பணம்? மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், வட்ட அளவில் வட்ட சட்டப்பணிகள் குழுவும் இருக்கின்றன. 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தரப்படுவார். எண் 15100. இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்கள் பட்டியல் இனத்தவராகக் கருதப்படுவதில்லை. எனவே பட்டியல் இனத்தவருக்கான பாதுகாப்புகள் பல அவர்களுக்குக் கிடைப்பதில்லை. அந்த அநீதி இன்னும் தீரவில்லை. ஆனால் இலவசச் சட்ட உதவியைப் பொறுத்தவரை சாதிச் சான்றிதழ் தேவையே இல்லை, பெண் என்பதே போதும். "உங்களுக்கு இது கிடையாது" என்று யாரும் திருப்பி அனுப்பிவிடாதபடி இதைத் தெரிந்து வைத்திருப்போம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு, 2001 முதல் குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண்களுக்காகப் பணியாற்றிவரும் பி.சி.வி.சி. என்ற அமைப்பும், 2004 முதல் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையைத் தடுக்க உழைத்துவரும் 'துளிர்' அமைப்பும் உள்ளன. தற்கொலை எண்ணத்தோடு தவிப்போருக்கு 1986 முதல் செவிகொடுத்துவருவது 'சிநேகா'. நடுவண் அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

குழந்தை என்றால்

இங்கே நமக்குத் தேர்வு என்பதே இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயது நிறையாத எந்தக் குழந்தையும், ஆணோ பெண்ணோ, பாலியல் கொடுமைக்கு உள்ளானதாக அறியவரும் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். தமக்குக் கீழே பணியாற்றுபவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை தண்டனை உண்டு. பள்ளித் தாளாளர், விடுதிக் காப்பாளர், பங்குத்தந்தை, மடத்துத் தலைவி எவருக்கும் விலக்கு இல்லை. "பெண்பிள்ளையின் பெயர் கெட்டுப்போகும்" என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம். குழந்தையின் பெயரையோ, பள்ளியையோ, முகவரியையோ ஊடகங்கள் வெளியிடுவதை அச்சட்டமே தடுக்கின்றது. குழந்தையைக் காவல் நிலையத்துக்கு வரவழைக்க வேண்டியதுமில்லை. வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவல் அலுவலர், இயன்றவரை பெண் அலுவலர், பெற்றோரின் முன்னிலையில் வாக்குமூலம் பெற வேண்டும்.

அழைக்க வேண்டிய எண் 1098. 1996-இல் மும்பையில் தொடங்கிய இச்சேவை 2023 முதல் அரசின் நேரடிப் பொறுப்பில் இயங்குகின்றது. குழந்தைகள் தாமாகவே அழைக்கலாம். எனவே மறைக்கல்வி வகுப்பின் சுவரில் இந்த எண்ணைப் பெரிதாக எழுதி வைப்பது நல்லது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும், குழந்தைகள் நலக் குழுவும் பாதுகாப்பான தங்குமிடத்துக்கு ஏற்பாடு செய்யும்.

குற்றம் சாட்டப்படுபவர் திருச்சபையின் பணியாளராகவே இருந்தால்? வேதனைதான், ஆனாலும் பேசாமல் இருக்க முடியாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்டு, 2023-இல் நிலையான சட்டமாக்கிய 'நீங்கள் உலகிற்கு ஒளி' என்ற ஆவணம், இத்தகைய முறையீடுகளைப் பெறுவதற்கு மக்கள் எளிதில் அணுகக்கூடிய நிலையான அமைப்பு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இருக்க வேண்டும் என்கின்றது. அருட்பணியாளரும் துறவியரும் தாம் அறியவந்ததை மேலிடத்தில் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். முறையிட்டவரை வாய்மூடி இருக்கும்படி கட்டுப்படுத்தக் கூடாது. நாட்டுச் சட்டத்தின் கடமைகளை அந்த ஆவணம் குறைப்பதும் இல்லை. ஆயர் இல்லத்தில் சொல்லிவிட்டோம் என்பதால் காவல்துறைக்குச் சொல்லும் கடமை தீர்ந்துவிடாது.

ஒப்புரவு அருளடையாளத்தில் ஒரு பெண்ணோ பிள்ளையோ தமக்கு நேர்ந்ததைச் சொன்னால், அருட்பணியாளர் அதனை யாரிடமும் வெளிப்படுத்த முடியாது. ஆனால், "இது உன் பாவம் இல்லை. இதே விஷயத்தை வெளியே வந்து என்னிடமோ அந்தச் சிஸ்டரிடமோ சொல், நாங்கள் உனக்கு உதவ முடியும்" என்று அங்கேயே சொல்லலாம். சொல்லவும் வேண்டும்.

பணியிடத்தில் பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். வீட்டுவேலை செய்யும் சகோதரிகளுக்கும் சிறிய கடைகளில் பணிபுரிவோருக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கின்றது. மூன்று மாதங்களுக்குள் புகார் கொடுப்பது நல்லது. இணையத்தில் படங்களை வைத்து மிரட்டினால் 1930. பிள்ளைகளால் துன்புறும் முதியோருக்கு 14567. அவர்கள் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடமும் மனு கொடுக்கலாம். வன்முறைக்கு உள்ளாகும் ஆண்கள் வெட்கத்தால் சொல்லாமல் இருக்கின்றார்கள். 112-ம், காவல் நிலையமும், மனநல ஆலோசனையும் அவர்களுக்கும் உண்டு.

பங்கு செய்யக்கூடியது

வேறு யாராலும் தர முடியாத ஓர் உதவி பங்கிடம் இருக்கின்றது: பதிவேடு. நீதிமன்றத்தில் திருமணத்துக்குச் சான்றாக முதலில் கேட்கப்படுவது பங்கின் திருமணச் சான்றிதழ். பிள்ளைகளின் திருமுழுக்குச் சான்றிதழும் பல இடங்களில் தேவைப்படும். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க", "வரி பாக்கி இருக்கே, அதைக் கட்டிட்டு வாங்க" என்று சொல்லி இவற்றைத் தாமதிப்பது, கதவைச் சாத்துவதற்கு ஒப்பாகும். கேட்ட அன்றே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதோடு, ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், பிறப்புச் சான்றிதழ்கள், ஏ.ஆர். காப்பி ஆகியவற்றின் நகல்களை அந்தப் பெண் விரும்பினால் மடத்தில் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். இரவில் துரத்தப்பட்டு வெளியே வருபவர் கையில் இவை எதுவும் இருப்பதில்லை.

எண்களை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதைவிடப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டுவது மேல். அங்கேதான் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும். ஒருங்கிணைந்த சேவை மையம், மகளிர் காவல் நிலையம், பாதுகாப்பு அலுவலர், வட்ட சட்டப்பணிகள் குழு ஆகிய நான்கின் உள்ளூர் எண்களையும் பங்கிலிருந்து யாராவது ஒருவர் ஆண்டுக்கு இரண்டு முறையாவது அழைத்துச் சரிபார்க்க வேண்டும். அலுவலர்கள் மாறுகின்றார்கள், அலுவலகம் இடம் மாறுகின்றது. முடிந்தால் நேரிலேயே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவது இன்னும் நல்லது. பேருந்து எது, எந்த மாடி, மதியம் யார் இருப்பார்கள் என்பதெல்லாம் போனால்தான் தெரியும்.

இரண்டு தெனாரியம் என்பது இரண்டு நாள் கூலி. வின்சென்ட் தே பால் சபையினர் மருந்துக்கும் கல்விக்கும் ஒதுக்குவதைப் போல, இரவு நேர ஆட்டோவுக்கும், இரண்டு நாள் சாப்பாட்டுக்கும், குழந்தைக்குப் பால் மாவுக்கும் ஒரு சிறு தொகையைத் தனியே வைக்கலாம். கணக்கேட்டில் பெயர் எழுத வேண்டாம்.

சமாரியர் திரும்பி வருவேன் என்று சொன்னார். அப்படித் திரும்பிப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கின்றது. எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைத்தால் ஆபத்தில்லை என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். வாட்ஸாப்பில் செய்தி அனுப்பினால் கணவர் படிப்பார். அழைப்புப் பட்டியலையும் பார்ப்பார். "நாளைக்குப் பாடற்குழுப் பயிற்சி உண்டா?" என்று அவர் கேட்டால் 'உடனே வாருங்கள்' என்று பொருள் என்பது போல முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். இல்லத்தில் சேர்த்துவிட்டிருந்தால், அந்த முகவரி அன்பியத்திலோ, பங்குப் பேரவையிலோ, உறவினரிடமோ பேச்சுவாக்கில்கூட வெளிவரக் கூடாது. தேடிவரும் கணவர் அழுதுகொண்டே மண்டியிட்டுக் கேட்டாலும் சொல்லக் கூடாது. அவர் வீட்டுக்குத் திரும்பிப்போக முடிவுசெய்தாலும் கோபித்துக்கொள்ள வேண்டாம். பலர் ஒருமுறைக்கு மேல் வெளியேறித் திரும்பிய பிறகே நிலையாக வெளியே வருகின்றார்கள். அடுத்த முறை அவர் அழைக்கும்போது அதே எண்ணை அதே ஆள் எடுக்க வேண்டும்.